மண்டபத்தில் இல்லாதவரின் சம்மதம்

மாபுலெங் என்றால் அவர்கள் மொழியில் புலெங்கின் அம்மா. ஆனால் புலெங் என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் சின்ன நாடான லெசோத்தோவில் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள், இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைக்கு இவள் அம்மா என்று. மழைநாளில் பிறக்கப்போகிறவள் என்று நினைத்து வைத்த பெயர் புலெங். மழை எத்தனையோ முறை வந்து போயிற்று. பிள்ளை வரவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஜெனீவாவில் ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் கல் மாளிகையில் வாசல் காவலர் முதல் கூட்டத் தலைவர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அர்த்தம் தெரியாமலே.

அந்த மாளிகைதான் உலக நாடுகள் எல்லாம் கூடி வியாபாரத்துக்கு விதி போடுகிற இடம். பெரிய நாடுகளுக்கு அங்கே ஆள்படையே உண்டு. மீனுக்கு ஒருவர், பருத்திக்கு ஒருவர், மருந்துக்கு இருவர், அவர்களுக்குக் காகிதம் தூக்க நாலு பேர். லெசோத்தோவுக்கு மாபுலெங் ஒருத்திதான். தூதர் என்று ஒருவர் இருந்தார், பாவம், அவருக்கு அகதிகள், சுகாதாரம், தொழிலாளர் என்று ஊரெல்லாம் வேறு கூட்டங்கள். ஆகவே மீனும் அவளே, பருத்தியும் அவளே, மருந்தும் அவளே. மேசைக்கடியில் தட்டையான செருப்பு ஒரு ஜோடி வைத்திருப்பாள், மாடிக்கும் கீழுக்கும் ஓடுவதற்கு.

அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. அந்தக் கூத்தைக் கேளுங்கள். தலைவர் ஒரு முடிவைப் படிப்பார், மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார். ஆட்சேபணை உள்ளவர் தன் முன்னால் கிடக்கும் நாட்டுப் பெயர்ப்பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு பலகையும் நிமிரவில்லையா, சுத்தியல் விழும், முடிவாயிற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மண்டபத்தில் இல்லாத நாடும் சம்மதித்த கணக்கில்தான் சேரும். யார் கண்டுபிடித்த நியாயமோ தெரியவில்லை! பூட்டிய வீட்டு வாசலில் நின்று பெண் கேட்டுவிட்டு, மறுப்புச் சொல்ல யாரும் வரவில்லை, ஆகவே சம்மதம் என்று சொல்லி அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வந்து நிற்பது போலத்தான் இது.

அப்படி ஒரு சுத்தியல் அவள் தலையில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருந்தது. ஜவுளி வரியில் அவள் நாட்டுக்கு இருந்த ஒரு சலுகையை எடுத்துவிடும் முடிவு. அது கீழ் மண்டபத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவள் மாடியில் மீனுக்காக உட்கார்ந்திருந்தாள். கடலே இல்லாத நாட்டுக்காரி, மீனுக்காக! விஷயம் தெரிந்து இறங்கி ஓடி வந்தபோது கூட்டம் கலைந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தங்கை தெபெல்லோ தலைநகர் மசேருவில் ஒரு தொழிற்சாலையில் ஜீன்ஸுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டே அந்தத் தொழிற்சாலையில் பாதி மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். தெபெல்லோ போனில் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, நீ அங்கதானே இருந்தே?"

அந்தக் கேள்விக்கு மாபுலெங் என்ன பதில் சொல்ல முடியும்? இருந்தேன், ஆனால் மாடியில் இருந்தேன் என்றா? அன்றிலிருந்து அந்த விதியை மாற்றுவது ஒன்றுதான் அவளுக்கு வேலையாகப் பட்டது. மற்றதெல்லாம் சம்பளத்துக்காகச் செய்தது.

அந்தச் சமயம் பார்த்து மாளிகையிலும் சீர்திருத்தப் பேச்சு கிளம்பிற்று. இந்த அமைப்புக்கு நோய் முற்றிவிட்டது, உடைத்துக் கட்ட வேண்டும் என்று எல்லோருமே சொன்னார்கள். எந்தச் சுவரை உடைப்பது என்பதில்தான் சண்டை. பெரிய நாடுகள் தாள்தாளாகத் திருத்தம் கொடுத்தன. மாபுலெங் ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தாள். "மண்டபத்தில் இல்லாத உறுப்பினர் சம்மதித்தவராகக் கொள்ளப்படமாட்டார்." அவ்வளவுதான். சின்ன நாடுகள் சில அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டன. வாக்கியம் வரைவுக்குள் போயிற்று, ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள். எல்லோரும் ஒப்புக்கொள்ளாத வாக்கியத்தை அப்படி அடைத்து வைப்பது அங்கே வழக்கம்.

அவள் புருஷன் செலிசோவிடம் அந்தத் தாளைக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கம்பி போட்டிருக்கானுங்களே. ஜெயிலா?"

"ஜெயில்தான், ந்தாத்தே." அப்பாவுக்கும் ஐயாவுக்கும் அவர்கள் ஊரில் அதுதான் சொல், புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எப்ப விடுதலை?"

"எல்லா நாடும் சரின்னு சொன்னா."

"அப்ப ஆயுள் தண்டனைதான், போ!" என்று சிரித்தார். சிரித்தால் உடனே இருமல் வரும். இளமையில் எல்லை தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். தங்கம் யாருக்கோ போயிற்று, தூசி இவர் நெஞ்சில் தங்கிவிட்டது.

ஜெனீவாவில் அவருக்கு வேலை இல்லை, வேலை செய்ய மூச்சும் இல்லை. காலையில் சோளக் களி கிண்டி, கீரை வதக்கி, டப்பாவில் போட்டு, ஊர்க் கம்பளியைத் தோளில் சுற்றி ஊக்கு குத்திக்கொண்டு, மாளிகைக்குப் பக்கத்துப் பூங்காவில் வந்து உட்காருவார். பிராணவாயு உருளை பக்கத்தில் ஒரு சின்ன வண்டியில் நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் அந்தக் கம்பளியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "நான் ஏதோ ராஜான்னு நெனச்சுட்டானுங்க. நானும் ஆமான்னு நல்லா நிமிந்து உக்காந்தேன்" என்பார். மத்தியானம் மாபுலெங் ஓடி வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். தினமும் முதல் கேள்வி அதுதான்.

"உன் கைதி எப்படி இருக்கான்?"

"உள்ளதான் இருக்கான்."

"சாப்பாடு போடுறாங்களா?"

"இன்னைக்கு ரெண்டு நாடு வந்து பாத்துட்டுப் போச்சு."

ஊரிலிருந்து தெபெல்லோ போன் செய்தாலும் கைதியைத்தான் விசாரிப்பாள். இவர்கள் குடும்பத்தில் அந்த வாக்கியம் ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக அந்த ஜூலை மாதம் வந்தது. கோடை விடுமுறைக்கு முந்தின கடைசிக் கூட்டத்தில் சீர்திருத்த வரைவை முடிவுக்குக் கொண்டுவருவது என்று தலைவர் அறிவித்தார். தகராறான வாக்கியங்களை எல்லாம் உருவிவிட்டு, ஒரு சுத்தமான தாளை முன்வைப்பாராம். உருவப்போகும் வாக்கியங்களில் மாபுலெங்கினுடையதும் ஒன்று. அதைத் தடுக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து பலகையை நிமிர்த்த வேண்டும். ஒரு நாடு நிமிர்த்தினாலும் போதும், தாள் நின்றுபோகும்.

அதே வாரம் செலிசோவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

கூட்டத்தன்று காலையில் அவள் கருநீல உடுப்பும் மணிமாலையும் போட்டுக்கொண்டு, போகும் வழியில் அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். போர்த்துக்கல்காரி நர்ஸ் ஒருத்தி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதாம், இன்னைக்கு எங்கயும் போகாதீங்க. பக்கத்துலயே இருங்க."

"சாயங்காலம் வந்தா..."

"சாயங்காலம் வரைக்கும் நான் எப்படிச் சொல்ல முடியும்?"

மாபுலெங் நடைபாதையில் நின்றாள். தூதருக்குப் போன் போட்டாள், அவர் வேறு நாட்டில் விமானத்துக்குக் காத்திருந்தார். பிறகு ஃபிட்ஸ்ராயைக் கூப்பிட்டாள். ஃபிட்ஸ்ராய் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர், அவளைப் போலவே ஒற்றை ஆள். வாக்கியத்தில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனிதர், அவளுக்கு அந்த மாளிகையில் இருந்த ஒரே சிநேகிதர்.

"நம்ம விஷயம் மத்தியானத்துக்கு மேலதான் வரும். அதுக்குள்ள வந்துடப் பாக்குறேன். வரலன்னா..."

"வரலன்னா நான் எதுக்கு இருக்கேன், தாயே? என் பலகையத் தூக்கறேன். ஒத்திவையுங்கன்னு ஒரு வார்த்தை. அது போதும்ல?"

"போதும். மறந்துட மாட்டீங்களே?"

"என் பேரை வேணா மறப்பேன். போங்க, போய் ராஜாவைப் பாருங்க."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். செலிசோவின் கம்பளியைக் கட்டில்மேல் விரித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அது கூடாது என்று சொல்லிப் பார்த்து, அவர் கேட்காததால் விட்டுவிட்டார்களாம். அவர் கண்ணை மூடியபடி மூச்சை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போய்விடலாமா, டாக்சியில் போய் ஒரு பலகையை நிமிர்த்திவிட்டு ஓடி வந்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்திருக்கவும் செய்தாள். கையை விடாமல் அவர் பிடித்துக்கொண்டிருந்தார், உட்கார்ந்துவிட்டாள்.

மண்டபத்தில் அன்று நடந்தது இதுதான். சுவரோரம் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஆளாளுக்கு விமானம், ரயில், கடற்கரை, பிள்ளைகள். பாதிப் பேர் மத்தியானமே கிளம்பிவிடுவார்கள் என்று தெரிந்ததும் தலைவர், நல்ல மனிதர்தான், நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாகத் திருப்பினார். கடைசியில் வர வேண்டிய சீர்திருத்தம் முதலில் வந்தது. சுத்தமான தாளைப் படித்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். லெசோத்தோவின் நாற்காலி காலியாக இருந்தது, அவளோடு கையெழுத்துப் போட்ட மற்ற சின்ன நாடுகளின் நாற்காலிகளும்தான். ஃபிட்ஸ்ராய் நாற்காலியில் இருந்தார். ஒரு பலகையும் நிமிரவில்லை. சுத்தியல் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் போன் ஒருமுறை அதிர்ந்தது. எல்லா உறுப்பினருக்கும் போகும் செய்தி. திருத்திய வரைவு எந்த ஆட்சேபணையும் இன்றி, உறுப்பினர் அனைவரின் சம்மதத்தோடும் ஏற்கப்பட்டது, அனைவருக்கும் இனிய விடுமுறை வாழ்த்துகள். அனைவரும் என்றால் அவளும்தான். இல்லாதவரைச் சம்மதித்தவராக எண்ணாதே என்று கேட்ட வாக்கியத்தை, அவள் இல்லாத நேரத்தில், அவள் சம்மதத்தோடே எடுத்துப் போட்டுவிட்டார்கள். சேச்சே, இப்படியும் நடக்குமா ஒரு மனுஷிக்கு!

செலிசோ கண்ணைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"மாபுலெங். இன்னைக்குத்தானே... உன் கைதி?"

"ஆமா, ந்தாத்தே."

"வெளிய வந்துட்டானா?"

அவள் வாழ்க்கையில் அவரிடம் பொய் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வந்ததில்லை.

"வந்துட்டான்."

"எல்லா நாடும்?"

"எல்லா நாடும் சரின்னுடுச்சு. கைதட்டினாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப இன்னைக்கு ஆட்டுக்கறி வாங்கு. களி நான் கிண்டறேன்" என்றார். அதன்பிறகு அவர் பேசவில்லை. வெளியே மண்டபத்துக்காரர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போயிருப்பார்கள், அந்த நேரத்தில் நர்ஸ் வந்து கருவியை அணைத்தாள். மாபுலெங் கத்தவில்லை. கம்பளியின் ஓரத்தை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

கீழே காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஃபிட்ஸ்ராய் நின்றிருந்தார். டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடுங்க, தாயே."

"எதுக்கு? அவர் போனதுக்கா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "காலைல உங்ககிட்ட பேசி முடிச்சதும் எங்க மந்திரி கூப்பிட்டாரு. எங்க துறைமுகம் புயல்ல போனது தெரியும்ல. கட்டித் தர்றோம்னு ஒரு பெரிய நாடு சொல்லியிருக்காம். நீ என்ன வேணா பண்ணு, இன்னைக்கு அந்தப் பலகைய மட்டும் தொடாதேன்னாரு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. நான் வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. அதனாலதான் போடல. அவர விட்டுட்டு வந்திருப்பீங்க."

இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! அது அவர் கோழைத்தனத்துக்கு வந்த கோபம் இல்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்ததற்கு வந்த கோபம்.

"என் புருஷன் பக்கத்துல நான் இருக்கணுமா வேண்டாமான்னு நீங்க யாரு முடிவு பண்ண? நான் இல்லாத எடத்துல எனக்கும் சேத்து முடிவு பண்றது உங்க எல்லாருக்குமே பழகிப்போச்சு, இல்ல?"

"காப்பி..."

"வேண்டாம். எதுவும் வாங்கித் தராதீங்க. போங்க."

அவர் போனார். அவளைத் தேற்ற அந்த ஊரில் இருந்த ஒரே ஆளையும் அவளே அனுப்பிவிட்டாள்.

செலிசோவைச் சொந்த ஊரான மஃபெதெங்கில் அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஆகஸ்டு, அங்கே குளிர்காலம், கல்போல இறுகிய மண். அடக்கம் முடியும்வரை விதவை வீட்டுக்குள் தரையில் மெத்தை போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே வரக் கூடாது, அவர்கள் வழக்கம் அது. மாபுலெங் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் வந்து பாடினார்கள், ஜெபம் சொன்னார்கள், வாசலில் பெரிய பானைகளில் கறி வெந்தது. தெபெல்லோ மெத்தையில் அவளை ஒட்டி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த வாக்கியம்?"

"போயிடுச்சு."

"நீ அங்க..."

தெபெல்லோ பாதியில் நிறுத்திவிட்டாள். மாபுலெங்குக்குத்தான் அந்தக் கேள்வி மனப்பாடமாயிற்றே.

"இல்ல. இந்தத் தடவ நான் அங்க இல்ல. மாமா பக்கத்துல இருந்தேன்."

"அதுதான் சரி" என்றாள் தெபெல்லோ. "மெஷின் எத்தனையோ மூடிட்டான், இன்னும் மூடுவான். மாமாவ விட்டுட்டு அந்தப் பலகைக்கு நீ போயிருந்தேன்னா நான் உங்கூடப் பேசியிருக்கவே மாட்டேன்." சொல்லிவிட்டு அவள்தான் பெரிதாக அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"அவர்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி. விடுதலை ஆயிடுச்சுன்னேன்."

"நல்லது செஞ்சே."

"அங்க போய்த் தெரிஞ்சுக்குவாரோ?"

தெபெல்லோ போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடிவிட்டாள்.

செப்டம்பரில் மாளிகை திறந்தது. மாபுலெங் துக்கத்தின் கறுப்பு உடுப்பில், தலையிலும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழியில் பூங்கா பெஞ்சைப் பார்க்காமல் சுற்றுப்பாதையில் வந்திருந்தாள். ஃபிட்ஸ்ராய் நாலு வரிசை தள்ளி இருந்தார், அவரையும் அவள் பார்க்கவில்லை.

தலைவர் கூட்டத்தைத் தொடங்குமுன் எழுந்து நின்றார். நம் சகோதரி ஒருவர் கணவரை இழந்துவிட்டார், பூங்காவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நம்மில் பலருக்குத் தெரியும், ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார். எல்லா நாடுகளும் எழுந்து நின்றன. மண்டபத்தில் அவ்வளவு பெரிய அமைதி. மாபுலெங் தலை குனிந்து நின்றாள்.

நிமிடம் முடிந்தது. தலைவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷப் பழக்கம், பாவம். யாரும் பேசாமல் இருந்தால் அந்தக் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. சுத்தியலை எடுத்துத் தட்டிவிட்டார். வாயும் தன்னால் சொல்லிற்று.

"ஆட்சேபணை இல்லை. முடிவாயிற்று."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் சுத்தியலை மேசைக்கடியில் வைத்தார். ஒருவரும் உட்காரவில்லை. மாபுலெங் மெல்லக் குனிந்து, தன் முன்னால் கிடந்த லெசோத்தோ பலகையை எடுத்துச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தாள். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருந்தாள்.

"தலைவரே, ஆட்சேபணை இருக்கு" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன். நான் சம்மதிக்கல."

நாலு வரிசை தள்ளி இன்னொரு பலகை நிமிர்ந்தது. ஃபிட்ஸ்ராய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பெண் இதை எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தாள், அவர் எழுது என்று தலையசைத்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடுத்த விஷயம் மீன்.